பாரமான ஆளுக்கு எந்த டயர்?

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் மூன்றாவது தடவையாகப் பின் டியூப் வாங்க வந்தார். ஆள் 100 கிலோவுக்கு மேல். கெரியரில் அரிசி மூடை வேறு.

"நானா, நீங்க தந்த டியூப் சரியில்லையே" என்றார்.

கழற்றிப் பார்த்தேன். பாம்பு கொத்தியது போல அருகருகே இரண்டு துளைகள். ஆணி குத்தினால் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் விழும்போது டியூப் றிம்மில் நசிந்தால்தான் இப்படி வரும்.

பாரத்தில் பெரும் பங்கு பின் சில்லில்தான் இறங்குகிறது. பழைய ரலி சைக்கிள்களில் முன்னுக்கு 32 கம்பியும் பின்னுக்கு 40 கம்பியும் போட்டது சும்மாவல்ல. ஆகக்கூடிய காற்றழுத்தம் எவ்வளவு என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். பாரமானவர்கள் பின் டயருக்கு அந்த எல்லையை ஒட்டியும், முன் டயருக்குச் சற்றுக் குறைத்தும் அடிக்க வேண்டும். விரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பவே கூடாது. மானியால் அளக்க வேண்டும், அதுவும் வாரம் ஒரு தடவையாவது.

றிம்மும் போர்க்கும் இடம் கொடுத்தால் அகலமான டயரே நல்லது. அதே பாரத்தைக் குறைந்த அழுத்தத்திலேயே தாங்கும். அவருடைய 26 அங்குலச் சில்லில் இருந்த 1.75 டயரைக் கழற்றி 2.125 போட்டேன். முன்பு விற்ற இரண்டு டியூப்களின் காசை விலையில் கழித்துக்கொண்டேன். முதல் நாளே காற்றை அளந்து பார்த்திருக்க வேண்டியவன் நான்தானே.