ஓணானைக் கண்டால் கல் எடுக்காதீங்க!



"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னு அழுவுறியா?" என்று எங்க அப்பாயி அடிக்கடி சொல்லும். இது மனுஷனுக்காகச் சொன்ன பழமொழி. ஆனால் ஓணானைக் கேட்டால், "சும்மா போன என்னை ஏண்டா எடுத்தே?" என்றுதான் கேட்கும்!

ஆறாம் வகுப்பு கோடை விடுமுறையில் நான் ஒரு ஓணானை எடுத்தேன். எங்க மக்காச்சோளக் கொல்லை வேலியில், தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்தேன். பெரிய பாட்டிலில் விட்டு, மூடியில் ஓட்டை போட்டேன். சோறு வைத்தேன், சர்க்கரை வைத்தேன். தொடவே இல்லை. நிறம் கறுத்து, கண்ணை மூடிக்கொண்டே கிடந்தது. "ஓணானுக்கு வெயில்தானே பிடிக்கும்" என்று மூன்றாம் நாள் பாட்டிலைத் திண்ணையில் வெயிலில் வைத்துவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அது செத்துக் கிடந்தது. அப்பாயி திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

நான் செய்த தப்பு என்ன என்று பிறகு அறிவியல் ஆசிரியரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும்: ஓணான் குளிர் ரத்தப் பிராணி. நம்மைப் போல உடம்புச் சூட்டை அதுவே உண்டாக்கிக்கொள்ள முடியாது. காலையில் வேலி உச்சியில் வெயில் காயும். சூடு அதிகமானால் இலை மறைவுக்கு ஓடிவிடும். பாட்டிலில் எங்கே ஓடும்? உள்ளே அனல் ஏறி வெந்துபோகும். என் ஓணான் அப்படித்தான் செத்தது.

2. சோறு அதற்கு உணவு அல்ல: எறும்பு, வெட்டுக்கிளி, புழு, பூச்சி என்று உயிரோடு அசைவதைத்தான் பிடித்துத் தின்னும்.

3. தண்ணீர்: இலையில் நிற்கும் பனித்துளி, மழைத்துளியை நக்கிக் குடிக்கும்.

4. சூரிய ஒளி: அதில் உள்ள புற ஊதாக் கதிரால்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி உண்டாகிறது. அது இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு மெலிந்துவிடும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

5. பயம்: நாம் கையில் பிடித்தால், அதற்கு நாம் வல்லூறு மாதிரிதான்!

அமெரிக்காவில் 'அனோல்' என்ற சின்னப் பல்லியை வீட்டில் வளர்க்கிறார்கள். அதற்குக் கண்ணாடிப் பெட்டி, செடி, சூடு தரும் பல்பு, புற ஊதா விளக்கு, உயிருள்ள பூச்சி எல்லாம் வேண்டும். தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இவ்வளவு செய்தும், அடிக்கடி கையில் எடுத்தால் அது பயந்து, சாப்பிடாமல் நோயில் விழும். இவை எல்லாவற்றையும் நம்ம ஊர் ஓணானுக்கு ஒரு வேலி காசில்லாமல் கொடுக்கிறது!

நம்பிக்கையும் உண்மையும்

"ஓணான் ரத்தம் உறிஞ்சும்." – பொய். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவக்கும். அதைப் பார்த்துக் கட்டிய கதை இது.

"தலையாட்டி நம்மைக் கேலி செய்யுது." – இல்லை. "இது என் இடம்" என்று மற்ற ஆண் ஓணானுக்குச் சொல்கிறது.

"ஓணானுக்கு விஷம் உண்டு." – கிடையாது.

"வாலை அறுத்தால் மறுபடி முளைக்கும்." – வீட்டுப் பல்லிக்கு முளைக்கும், ஓணானுக்கு முளைக்காது. விளையாட்டுக்கு வாலை நசுக்கினால் அது ஆயுளுக்கும் ஊனம்.

ராமருக்கு அணில் தண்ணீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அதனால் அடிக்கிறோம் என்று சில பேர் சொல்வார்கள். கதைக்காக ஓர் உயிரைக் கொல்லலாமா?

நாம் என்ன செய்யலாம்?

* பத்தடி தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாம். காலை எட்டு மணிக்கு மேல் வேலியில் பாருங்க, கண்டிப்பாக இருக்கும்.

* கோடையில் செடிமேல் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம்.

* தாய் ஓணான் மண்ணில் குழி பறித்துப் பத்து, இருபது முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சு பொரிய ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். அந்த இடத்தைக் கிளறாதீங்க.

* அடிபட்டுக் கிடந்தால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டலாம்.

* பச்சோந்தியைப் பார்த்தால் பிடிக்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுவிட்டு, "பூச்சி அடிச்சிடுச்சே" என்று அப்பாக்கள் வருத்தப்படுகிறார்கள். பூச்சி தின்கிற ஓணானை நாம் கல்லால் அடிக்கிறோம். இது நியாயமா?

இப்போதும் எங்க கொல்லை வேலியில் ஒரு ஓணான் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். தொடுவதில்லை. அதுதான் நான் வளர்க்கும் ஓணான்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்