காவிரிப் படுகையில் சூரிய ஆற்றல் தெருவிளக்குகள்

சூரிய ஆற்றல் தெருவிளக்கு என்பது பகலில் சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்சாரத்தை மின்கலத்தில் சேமித்து, அதனைக் கொண்டு இரவில் எரியும் பொதுவிளக்கு ஆகும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் இவ்விளக்குகள் பெரும்பாலும் ஊராட்சிகளின் தெருக்களிலும், ஆற்றங்கரைச் சாலைகளிலும், பேருந்து நிறுத்தங்களிலும் காணப்படுகின்றன. நெல் விளையும் சமவெளியாகிய இப்பகுதியின் மழைக்காலமும் புயல்களும் இவ்விளக்குகளின் வடிவமைப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

பின்னணி

1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது; 1937 இல் அங்கு நீர்மின் உற்பத்தி தொடங்கியது. படுகையின் வயல்களுக்குப் பாயும் நீரே வழியில் மின்சாரமும் தந்தது. பிற்காலத்தில் இப்பகுதியில் கிடைக்கும் இயற்கை எரிவளியைக் கொண்டு கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் மின்நிலையங்கள் அமைந்தன. ஆயினும் மின்சாரம் விளையும் இடத்தில் இருப்பதால் மட்டும் ஓர் ஊரின் விளக்கு எரிந்துவிடுவதில்லை. 2012 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டிய மின்வெட்டு நிலவியபோது, படுகையின் சிற்றூர்த் தெருக்களும் இருளில் கிடந்தன.

தெருவிளக்கு அமைத்துப் பேணுவது 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி சிற்றூராட்சியின் கடமைகளுள் ஒன்று. விளக்குகளுக்கான மின்கட்டணம் ஊராட்சியின் நிதியிலிருந்தே செல்கிறது. வருவாய் குறைந்த ஊராட்சிக்கு இது சிறிய சுமையன்று.

அரசின் திட்டங்கள்

2011 இல் தமிழ்நாடு அரசு, முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தை அறிவித்தது. ஆண்டுக்கு 60,000 வீதம் ஐந்தாண்டுகளில் 3 இலட்சம் வீடுகள் கட்டுவது அதன் இலக்கு. அதனுடன், ஆண்டுக்கு 20,000 வீதம் 1 இலட்சம் தெருவிளக்குகளைச் சூரிய ஆற்றலுக்கு மாற்றவும் இலக்கு வைக்கப்பட்டது. 1980களில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை இதன் தொழில்நுட்பப் பணிகளில் பங்கேற்றது. 2012 அக்டோபரில் வெளியான தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை, உள்ளாட்சிகளின் தெருவிளக்குகளும் குடிநீர் நிலையங்களும் படிப்படியாகச் சூரிய ஆற்றலுக்கு மாற்றப்படும் என்று கூறியது. இக்கொள்கைக்குப் பதிலாக 2019 இல் புதிய கொள்கை வெளியிடப்பட்டது.

செயற்படும் முறை

தனித்து நிற்கும் விளக்கில் ஒளிமின்னழுத்தப் பலகம், மின்கலம், மின்னேற்றக் கட்டுப்படுத்தி, விளக்கு, கம்பம் ஆகியவை உண்டு. பலகத்தில் பகல் மறைந்து மின்னழுத்தம் வீழ்வதைக் கொண்டே கட்டுப்படுத்தி விளக்கை ஏற்றுகிறது; விடிந்ததும் அணைக்கிறது. தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் பலகம் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்துப் பொருத்தப்படும். முற்றிலும் கிடையாக வைத்தால் மழைநீர் வழிந்தோடாது அழுக்குத் தேங்கும்.

நடுவண் அரசின் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் முன்னர் வகுத்திருந்த அளவுகளில் ஒன்று: 74 வாட் பலகம், 12 வோல்ட் 75 ஆம்பியர்-மணி ஈயமின்கலம், 11 வாட் குறுங்குழல் விளக்கு. இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 11 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிய 132 வாட்-மணி தேவை. மின்கலம் கொள்வது 900 வாட்-மணி. ஆனால் ஈயமின்கலத்தை முழுதும் வடித்தால் அது விரைவில் கெடும் என்பதால் பயன்படத்தக்கது ஏறத்தாழ 600. அதாவது சூரியனே தெரியாவிட்டாலும் நான்கு இரவுகள் தாங்கும். தெளிந்த நாளில் பலகம் இழப்புகள் போக 250 வாட்-மணி வரை தரும். இரவுச் செலவு போக மிஞ்சுவது 120க்கும் குறைவு. எனவே, வடிந்துபோன மின்கலம் மீண்டும் நிறைய, தொடர்ந்து ஐந்து வெயில் நாட்கள் வேண்டும்.

இக்கணக்கு படுகையில் இடறும் காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஆண்டு மழையின் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவக்காற்று அப்போதுதான் தருகிறது. இரவும் அப்போதுதான் நீளம்; டிசம்பரில் பன்னிரண்டரை மணி நேரத்தை நெருங்கும். ஒளி குறைவாகக் கிடைக்கும் மாதங்களில் விளக்கு அதிக நேரம் எரிய வேண்டியுள்ளது. ஆண்டுச் சராசரி வெயிலை மட்டும் வைத்து வடிவமைத்த விளக்கு சித்திரையில் நன்கு எரிந்து, சம்பாப் பயிர் நிற்கும் காலத்தில் நள்ளிரவிலேயே அணைந்துவிடுவதற்கு இதுவே காரணம். வயல் வரப்பில் பாம்பும் தேளும் திரியும் மழைக்காலத்தில்தான் வெளிச்சம் மிகவும் தேவைப்படுகிறது. எல்.ஈ.டி விளக்குகள் குறைந்த மின்சாரத்தில் அதே ஒளியைத் தருவதாலும், நள்ளிரவுக்குப் பின் ஒளியைப் பாதியாகக் குறைக்க முடிவதாலும் இக்குறை பெருமளவு தணிந்துள்ளது. இலித்தியம் இரும்பு பொசுபேற்று மின்கலங்கள் ஆழமாக வடிவதையும் தாங்குகின்றன.

பராமரிப்பு

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னை மிகுதி. ஒரு மட்டையின் நிழல் பலகத்தின் சில அறைகளில் மட்டும் விழுந்தாலும் மொத்த மின்னாக்கம் வெகுவாகக் குறைந்துவிடும். அறுவடைக் காலத் தூசியும் பறவை எச்சமும் இத்தகைய இழப்பையே உண்டாக்குகின்றன. வேதாரணியம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். பலகம் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கக்கூடியது. ஈயமின்கலமோ சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியது. விளக்கை வாங்கும்போதே மின்கலம் மாற்றுவதற்கான பணத்தையும் ஒதுக்காத இடங்களில் கம்பமும் பலகமும் மட்டும் நிற்கும். மின்கலத் திருட்டும் உண்டு. அதனால் இப்போது மின்கலத்தை அடியில் வைக்காது விளக்குடன் மேலேயே பொருத்துகின்றனர்.

புயலும் விளக்கும்

2018 நவம்பர் 16 அன்று வேதாரணியம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. கம்பிவழி மின்சாரத்தைச் சாராத விளக்கின் சிறப்பு இத்தகைய நேரத்தில் தெளிவாகிறது. எனினும் உயரத்தில் சாய்ந்து நிற்கும் பலகம் காற்றுக்குப் பாய்மரம் போன்றது. வண்டல் மண்ணில் ஆழமான அடித்தளமும் வலுவான பிணைப்பும் இல்லாத கம்பம் புயலில் முதலில் விழும்.

வயலும் ஒளியும்

சம்பாப் பருவத்தில் விளையும் மரபு நெல் வகைகள் பல, பகல் குறுகுவதை உணர்ந்தே பூக்கின்றன. இரவெல்லாம் ஒளி படும் வரப்போரப் பயிர் பூக்கத் தாமதமாகலாம். யப்பானில் இது ஆராயப்பட்டுள்ளது. விளக்கின் மேல் மூடி அமைத்து ஒளியைச் சாலையின் மீது மட்டும் விழச் செய்வது இதற்கு எளிய தீர்வு. மறுபுறம், தண்டுத் துளைப்பான், இலைச் சுருட்டுப்புழு ஆகியவற்றின் அந்துப்பூச்சிகளைக் கவர்ந்து அழிக்க உழவர்கள் வைக்கும் விளக்குப் பொறிகளும் இன்று சூரிய ஆற்றலில் இயங்குகின்றன.

நகரங்களில்

2014 இல் மாநகராட்சியாகி, 2016 இல் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட தஞ்சாவூர் போன்ற நகரங்களில் மின்வலையமைப்பு ஓரளவு நம்பத்தக்கது. இங்கே ஒவ்வொரு கம்பத்திலும் மின்கலம் வைப்பதைவிட, பள்ளி, சந்தைக் கட்டடங்களின் கூரையில் பலகங்களை அமைத்துப் பகலில் வலையமைப்புக்கு மின்சாரம் கொடுத்து, இரவில் தெருவிளக்குகளுக்கு அதனிடமிருந்து பெறுவது சிக்கனமானது. மின்கலமும் அதன் பராமரிப்பும் தேவைப்படா. ஆனால் மின்வெட்டு வந்தால் இவ்விளக்குகளும் அணைந்துவிடும்.