மரியா கேன்ட்வெல்: மென்பொருள் நிறுவனத்திலிருந்து செனட்டுக்கு

மரியா கேன்ட்வெல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த செனட் உறுப்பினர், ஜனநாயகக் கட்சிக்காரர். 1958இல் இண்டியானாபோலிஸ் நகரில் பிறந்தார். 28 வயதில் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1992 தேர்தலில் வென்று நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார். குடிமக்களின் மறைகுறியாக்கப்பட்ட தொலைபேசிப் பேச்சை அரசு தேவைப்பட்டால் கேட்க வழிசெய்யும் 'கிளிப்பர் சிப்' திட்டத்தை அங்கே எதிர்த்தார்.

1994 தேர்தலில் தோற்ற பின், இணையம் வழியே ஒலி, காணொளி கேட்கவும் பார்க்கவும் மென்பொருள் உருவாக்கிய ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, சந்தைப்படுத்தல் பிரிவின் துணைத் தலைவரானார். நிறுவனப் பங்குகளின் மதிப்பு உயர, அவரும் செல்வந்தரானார்.

2000இல் சொந்தப் பணத்தைப் பெருமளவு செலவழித்து செனட் தேர்தலில் நின்றார். மறு எண்ணிக்கைக்குப் பிறகு, அப்போதைய உறுப்பினர் ஸ்லேட் கோர்ட்டனை 2,229 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அதே காலத்தில் இணைய நிறுவனப் பங்குகள் சரிந்ததால் அவரது செல்வமும் கரைந்தது.

2021இல் செனட் வணிகக் குழுவின் முதல் பெண் தலைவரானார். அமெரிக்காவில் சிப் உற்பத்தியை ஊக்குவிக்கும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியதில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. 2024இல் ஐந்தாம் முறையாக செனட்டுக்குத் தேர்வானார்.