சொல்லத் தெரியாத பல்வலி

ஒலுவிலில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். அறிவு வளர்ச்சி குன்றிய பத்து வயதுச் சிறுவன் இரண்டு நாட்களாகச் சோற்றைத் தொடவில்லை, கன்னத்தில் அறைந்துகொள்கிறான். ‘பிடிவாதம்’ என்கிறார் வாப்பா. ‘கண்ணூறு’ என்கிறார் உம்மா. வாயைத் திறந்து பார்த்தால், கடைவாய்ப் பல்லிலே சூத்தை! வலியைச் சொல்ல அவனுக்குச் சொற்கள் இல்லை.

பல்லில் ஒட்டும் இனிப்பை நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லை அரிக்கின்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே விதி. ஆயினும், இத்தகைய பிள்ளைகளுக்குத் துலக்கும் பழக்கம் மெல்லவே கைவரும். வலிப்புக்குத் தரும் பெனிற்றோயின் மருந்து சிலருக்கு முரசைத் தடிக்கச் செய்வதும் உண்டு. அதற்காக மருந்தை நிறுத்தலாகாது. துலக்குவதிலேதான் கூடிய கவனம் வேண்டும்.

வற்புறுத்தினால் பிள்ளை மறுநாள் தூரிகையைக் கண்டதுமே ஓடும். முதலில் தூரிகையைக் கையில் கொடுங்கள். பின்னொரு நாள் உதட்டில் தொடுங்கள். பிறகு ஒரே ஒரு பல். பிடி மெலிதானால் துணியைச் சுற்றுங்கள். பின்னால் நின்று, பிள்ளையின் தலையை மார்பிலே சாய்த்துக்கொண்டு துலக்குவது எளிது. பட்டாணியளவு புளோரைட்டுப் பற்பசை போதும். அப்பசையை உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. காலையிலும் உறங்குமுன்னும் துலக்க வேண்டும். பிள்ளை தானே துலக்கினாலும், பெரியவர் ஒருவர் முடித்து வைப்பது அவசியம்.

வுழூச் செய்யுமுன் மிஸ்வாக்குக் குச்சியால் பல் துலக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. காலையில் அவ்வேளையையே பிள்ளைக்கும் உரியதாக்குங்கள். பார்த்துப் பழகுதல் அவனுக்கு இலகு.

பிள்ளை உண்ண மறுத்தால், பிடிவாதம் என்று தீர்ப்புச் சொல்லுமுன் வாயைப் பாருங்கள். பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.