கண்ணாடி மாற்றும் முன்...

திங்கட்கிழமை காலை ஆபீசில் கம்ப்யூட்டரைத் திறக்கிறீர்கள். லேப்டாப்பில் எழுத்தெல்லாம் பளிச்! பக்கத்தில் இருக்கிற பெரிய மானிட்டரில் மட்டும் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி ஒரே மசமசப்பு. வெள்ளிக்கிழமை வரை நன்றாகத்தான் இருந்தது. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். ராத்திரியோடு ராத்திரியாக ஓர் அப்டேட்!

நாம் என்ன செய்கிறோம்? முதலில் கர்சீப்பால் மானிட்டரைத் துடைக்கிறோம். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறோம். கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, 'வயசாயிடுச்சோ?' என்று முப்பது வயதிலேயே கவலைப்படுகிறோம்.

கவலையை விடுங்க சார். ஒரே தூரத்தில் வைத்துப் பார்த்தும் இரண்டு திரையில் ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிந்தால், குற்றவாளி உங்கள் கண் இல்லை. கண்ணுக்கு இந்த மானிட்டர், அந்த மானிட்டர் என்ற பாரபட்சம் கிடையாது.

நான் படித்தது பி.காம். பிக்ஸல் என்றதும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், எல்லாம் நமக்குப் பழகிய 'ரவுண்டிங் ஆஃப்' சமாசாரம்!

அரை பிக்ஸல் கிடையாது

14 அங்குல லேப்டாப், 24 அங்குல மானிட்டர் இரண்டிலுமே பெரும்பாலும் 1920-க்கு 1080 புள்ளிகள்தான். லேப்டாப்பில் அங்குலத்துக்கு 157 புள்ளிகள், காலை நேர எலெக்ட்ரிக் டிரெயின் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். மானிட்டரில் 92 தான். ஞாயிறு மத்தியான டிரெயின். அதனால் லேப்டாப்பில் எழுத்தை 150 சதவிகிதம் பெருக்கியும், மானிட்டரில் 100 சதவிகிதத்திலும் காட்டுவது வழக்கம். இந்தப் பெருக்கலுக்குத்தான் ஸ்கேலிங் என்று பெயர்.

100 என்றால் வம்பில்லை. 200 என்றாலும் ஒன்றுக்கு இரண்டு, கணக்கு நேர். 125, 150-ல்தான் வில்லங்கம். ஒரு புள்ளி அகலக் கோட்டை ஒன்றரை ஆக்கு என்றால் அரைப் புள்ளிக்கு எங்கே போவது? ஒன்றா, இரண்டா என்று ஏதாவது ஒரு பக்கம் ரவுண்டு பண்ண வேண்டும். அல்லது பக்கத்துப் புள்ளிக்கு அரைச் சாயம் பூசி ஒப்பேற்ற வேண்டும். அந்த அரைச் சாயம்தான் மசமசப்பு.

புதிய புரோகிராம்கள் ஒவ்வொரு திரைக்கும் ஏற்றபடி எழுத்தைப் புதிதாக வரைந்துகொள்ளும். பழசுகளுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஒரு திரைக்காக அவை வரைந்ததை, இன்னொரு திரைக்காக விண்டோஸ் இழுக்கும், அல்லது அமுக்கும். பஸ் பாஸ் போட்டோவைக் கல்யாண பேனர் ஆக்கினாலும், பேனரை பஸ் பாஸ் ஆக்கினாலும் முகம் முகமாகவா இருக்கும்?

திரைக்குத் திரை தனி அளவு என்ற வசதியே 2013-ல் வந்த விண்டோஸ் 8.1-ல்தான் ஆரம்பம். அதற்கு முன் எழுதின அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் எத்தனை ஆபீசில் இன்னும் ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அவசரமாக 11-க்குக் குடிபோன ஆபீஸ்களில், இந்தப் பழைய பாத்திரங்களும் கூடவே போயின.

மெமோ வாங்கிய எட்டு

சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் சீரியஸ். எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருக்கிறார். ஓர் அப்டேட்டுக்குப் பிறகு அவருக்கு 3 எல்லாம் 8 மாதிரித் தெரிய ஆரம்பித்தது. தலைவலி வேறு. "எல்லாருக்கும் அதே அப்டேட்தான் சார், உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார் சிஸ்டம் ஆள். ஒரு ஸ்டேட்மென்ட்டில் நிஜமாகவே 3, 8 ஆகிப்போனது. மேனேஜர் மெமோ கொடுத்தார். நண்பர் கடன் வாங்கிப் புதுக் கண்ணாடி போட்டார். தலைவலி அப்படியே இருந்தது.

பிறகுதான் தெரிந்தது, 1920-க்கு 1080 மானிட்டர் அப்டேட்டில் சத்தமில்லாமல் 1600-க்கு 900 ஆகியிருந்தது. அதாவது ஒரு புள்ளியை 1.2 புள்ளியாக்கும் வேலை. மறுபடியும் பின்னம்! சரிசெய்ய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மெமோ மட்டும் இன்னும் அவர் ஃபைலில் இருக்கிறது.

மேக்காரர்கள் சிரிக்க வேண்டாம்

2018 செப்டம்பரில் ஆப்பிள் வெளியிட்ட மொஹாவியிலும் இதே கூத்து. ஒவ்வொரு பிக்ஸலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேர் கொண்ட கூட்டுக் குடும்பம். மூவரையும் தனித்தனியாக வேலை வாங்கி எழுத்தின் ஓரத்தைச் சீராகக் காட்டும் தந்திரம் பல வருஷமாக இருந்தது. மொஹாவி அதை நிறுத்திவிட்டது. 2012 முதல் வந்த ரெடினா மேக்புக்குகளில் புள்ளிகள் அவ்வளவு பொடி என்பதால் யாருக்கும் தெரியவில்லை. சாதாரண மானிட்டர் இணைத்தவர்களுக்கு எழுத்து இளைத்து, மங்கிப்போனது.

"4கே வாங்கிடுங்க, சரியாயிடும்" என்பார் கடைக்காரர். முக்கால்வாசி உண்மை. 27 அங்குல 4கே மானிட்டரில் 2560-க்கு 1440 அளவைத் தேர்ந்தெடுத்தால், மேக் உள்ளுக்குள் 5120-க்கு 2880 என்று வரைகிறது. அதாவது 1.47 கோடி புள்ளி. திரையில் இருக்கும் இடமோ 83 லட்சம். மிச்சம் எங்கே என்று ஆடிட்டர் கேட்டால், "சராசரி போட்டுட்டோம் சார்" என்பதுதான் பதில். ஆனாலும் பழைய 92 புள்ளிக்கு இது எவ்வளவோ தேவலை.

அரை நிமிஷ வைத்தியம் (விண்டோஸ்)

* டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மங்கும் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, ரெசல்யூஷனில் 'ரெகமெண்டட்' என்று போட்டிருப்பதையே வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேலைத் தொடுங்கள். ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள்.

* மானிட்டரை மாட்டியபடியே ஒருமுறை சைன் அவுட் செய்து, திரும்ப உள்ளே வாருங்கள்.

* பழைய புரோகிராம் மட்டும் மங்கினால் அதன் ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று போய் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' போட்டுப் பாருங்கள்.

* ஸ்டார்ட்டில் 'கிளியர் டைப்' என்று அடித்து, காட்டுகிற மாதிரிகளில் தெளிவானதைத் தேர்ந்தெடுங்கள்.

* எதுவும் பலிக்கவில்லையா? எந்த மானிட்டர், எந்தத் தேதி அப்டேட் என்று குறித்து சிஸ்டம் செக்‌ஷனுக்கு எழுத்திலேயே கொடுங்கள். வாய்வார்த்தை மெமோவுக்கு எதிரே நிற்காது.

இத்தனைக்கும் பிறகு இரண்டு திரையும் ஒரே மாதிரி மங்கினால்? அப்போது அப்டேட்டைத் திட்டாதீர்கள். கண் டாக்டரிடம் டோக்கன் போடுங்கள்!