கடுவனின் மணல் தட்டு

மூத்திர அடைப்புக்கு டியூப் போட்டு வீடு திரும்பிய தன் கடுவன் பூனையிடம் எதைக் கவனிப்பது என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். பூனையை விட மணலைக் கவனியுங்கள் அம்மா.

பெட்டைக்குச் சிறுநீர்க்குழாய் குட்டை, அகலம். கடுவனுக்கு நீளம், நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கிவிடும். சளியும் ஸ்ட்ரூவைட் என்ற உப்புப் பொடியும் திரண்டு அங்கே அடைத்துக்கொள்கின்றன. எங்கள் தோப்பில் சொட்டுநீர்க் குழாய் நிறையத் தண்ணீர் நிற்கும். தென்னையடியில் விழவேண்டிய துளையில் உப்புப் பூத்து ஒரு சொட்டு வராது. அதே கதைதான்.

எனக்கு வியப்பு பூனையின் சிறுநீரகத்தின் மேல். வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். நம் சிறுநீரகத்தால் முடியாத அளவுக்குத் தண்ணீரைப் பிழிந்து எடுத்துக்கொண்டு, கெட்டியான மூத்திரத்தை மட்டும் வெளியே விடும். தாகமும் குறைவு. எலியைத் தின்றால் அதிலேயே 70 சதவீதம் நீர். நாம் போடும் உலர்தீனியிலோ 10 சதவீதம்தான். பாலைவனத்துப் பிராணிக்குப் பொரிகடலை போட்டு வளர்க்கிறோம். நான் இப்போது தீனியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் குழைத்துத்தான் வைக்கிறேன்.

மறுபடி அடைக்கும் ஆபத்து முதல் வாரத்தில் அதிகம். கட்டிபிடிக்கும் மணல் வாங்கி, காலையும் மாலையும் கட்டிகளை எண்ணுங்கள். எலுமிச்சை அளவில் நாளுக்கு இரண்டு மூன்று கிடந்தால் நிம்மதி. முதலில் லேசாகச் சிவந்திருக்கலாம். புளியங்கொட்டை அளவில் பத்து இடத்தில் கிடந்தால் டாக்டருக்கு போன் செய்யுங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தும் மணல் காய்ந்தே கிடந்தால் போனுக்கும் நேரமில்லை, கூடையை எடுங்கள். மூத்திரம் தேங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தளரும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். நானும்தான். எங்கள் கடுவன் கருப்பனுக்கு விளக்கெண்ணெய் தடவி ஒரு ராத்திரியை வீணாக்கினேன். விடிந்ததும் வயிற்றைத் தொட்டால் உள்ளே சாத்துக்குடி மாதிரி கல்லாக இருந்தது, நிரம்பிய மூத்திரப்பை. பிழைத்தது அதன் அதிர்ஷ்டம்.

வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.