பெயெர்செபா: எபிரேய ஊர்ப்பெயர் ஒன்றின் பொருளும் தோற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

விவிலியத்தின் ஆதியாகமம் ‘பெயெர்செபா’ என்னும் ஊர்ப்பெயருக்கு இரு இடங்களில் காரணம் கூறுகிறது. ‘ஏழின் கிணறு’, ‘ஆணையின் கிணறு’ என்னும் இரு பொருள்களுக்கும் அவ்விளக்கங்கள் இடந்தருகின்றன. எபிரேய வேர்ச்சொல், பண்டைய மொழிபெயர்ப்புகள், தமிழ் ஒலிபெயர்ப்பு ஆகியவற்றின் துணைகொண்டு இப்பெயரின் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெயெர்செபா, ஊர்ப்பெயராய்வு, எபிரேயம், வேர்ச்சொல், ஒலிபெயர்ப்பு.

முன்னுரை

‘தாண் முதல் பெயெர்செபா வரை’ என்பது இசுரவேல் நாட்டின் வட, தென் எல்லைகளைச் சுட்டும் விவிலிய வழக்காகும் (நியாயாதிபதிகள் 20:1, 1 சாமுவேல் 3:20). தென்னெல்லையாகிய பெயெர்செபா, மழை குறைந்த நெகேவ் பகுதியில் அமைந்தது. நிலத்தடி நீரே வாழ்வாதாரமான அந்நிலத்தில் கிணற்றால் ஊர் பெயர் பெறுவது இயல்பே. எனினும், எத்தகைய கிணறு என்பதே இப்பெயர் எழுப்பும் வினாவாகும்.

பெயரின் அமைப்பு

இப்பெயர் ‘பெஏர்’, ‘ஷெவா’ என்னும் இரு சொற்களின் கூட்டு. முன்னது பேத், அலெஃப், ரேஷ் என்னும் எழுத்துகளால் ஆகிக் ‘கிணறு’ எனப் பொருள்படும். பின்னது ஷின், பேத், அயின் என்னும் எழுத்துகளால் ஆனது. ‘ஏழு’ என்னும் எண்ணுப்பெயராக வழங்குவது. இதே மூவெழுத்துகளிலிருந்தே ‘ஆணையிடுதல்’ என்னும் வினைச்சொல்லும் அமைகிறது. ஆணையிடும் வினை ஏழென்னும் எண்ணிலிருந்து பிறந்ததா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

‘ஏழு கிணறுகள்’ எனச் சிலர் கொள்ளும் பொருள் இலக்கண நெறிக்குப் பொருந்தவில்லை. அப்பொருள் வேண்டின் ‘கிணறு’ என்னும் சொல் பன்மை வடிவம் பெற்றிருத்தல் வேண்டும். ஊர்ப்பெயரிலோ அது ஒருமையிலேயே நிற்கிறது. ஆகவே ‘ஏழின் கிணறு’ என்பதே சொல்லமைப்புக்கு நெருங்கிய பொருளாகும்.

இரு விளக்கங்கள்

ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தில், தன் கிணற்றை அபிமெலேக்கின் வேலைக்காரர் கைப்பற்றியதை ஆபிரகாம் முறையிடுகிறார். பின்னர், அக்கிணற்றைத் தாமே தோண்டியதற்குச் சான்றாக ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறார். இருவரும் அவ்விடத்தில் ஆணையிட்டதால் அது பெயெர்செபா எனப்பட்டதென 31ஆம் வசனம் கூறுகிறது. வெளிப்படையாகக் கூறப்படும் காரணம் ஆணையே. எனினும் ஏழு என்னும் எண்ணும் நிகழ்வுக்குள் பின்னப்பட்டுள்ளது.

26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கும் அபிமெலேக்கும் ஆணையிட்டுப் பிரிகின்றனர். அன்றே வேலைக்காரர் தண்ணீர் கண்ட செய்தி வர, ஈசாக்கு அக்கிணற்றுக்குப் பெயரிடுகிறார் (26:33). அங்குள்ள எபிரேயச் சொல் ‘ஷிவ்ஆ’. அதுவும் ‘ஏழு’ என்பதன் மற்றொரு வடிவமே. இரு நிகழ்வுகளிலும் பெயருக்குப் பின்னணியாக நிற்பது நீருரிமைப் பூசலும் அதனைத் தீர்க்கும் உடன்படிக்கையும் ஆகும். ஊர்ப்பெயர் இங்கு உரிமைக்குச் சான்றாகச் செயற்படுகிறது.

பண்டைய மொழிபெயர்ப்புகள்

கிரேக்கச் செப்துவசிந்தா மொழிபெயர்ப்பு ஆதியாகமத்தில் இவ்வூர்ப்பெயரை ஒலிபெயர்க்காமல் ‘ஆணையின் கிணறு’ என மொழிபெயர்த்தது. 26:33இல் கிணற்றின் பெயரையும் ‘ஆணை’ என்றே தந்தது. எரோணிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்போ அவ்விடத்தில் ‘நிறைவு’ எனப் பொருள்படும் சொல்லை ஆள்கிறது. இவ்வேறுபாட்டின் காரணம் எழுத்து முறையில் உள்ளது. ‘ஷ்’, ‘ஸ்’ ஆகிய இரு ஒலிகளுக்கும் எபிரேயத்தில் ஒரே வரிவடிவம் உண்டு. அவற்றை வேறுபடுத்தும் புள்ளி பிற்காலத்தில் மசோரெத்தியரால் இடப்பட்டது. ‘ஸ்’ எனப் படித்தால் அச்சொல் ‘நிறைவு’ எனப் பொருள்படும். நீர் கிடைத்த செய்தியோடு அப்பொருளும் இயைகிறது.

தமிழ் ஒலிபெயர்ப்பும் பொருளிழப்பும்

தமிழில் ‘ஏழு’, ‘ஆணை’ என்பன தொடர்பற்ற சொற்கள். எனவே ஏழு ஆட்டுக்குட்டிகளுக்கும் ஆணைக்கும் ஊர்ப்பெயருக்கும் இடையே மூலத்தில் உள்ள ஒலியியைபு தமிழ்ப் படிப்பாளருக்குப் புலனாவதில்லை. மேலும், தமிழ் வரிவடிவம் ‘அயின்’, ‘அலெஃப்’ ஆகிய எழுத்துகளை வேறுபடுத்துவதில்லை. இதனால் ஈசாக்கின் கிணற்றுப்பெயரும், சாலொமோனைக் காணவந்த அரசியின் நாட்டுப்பெயரும் (1 இராஜாக்கள் 10:1) தமிழில் ‘சேபா’ என ஒன்றாகிவிடுகின்றன. நாட்டுப்பெயர் ‘அலெஃப்’ எழுத்தில் முடியும் வேறு சொல். கிணற்றோடு அதற்கு உறவில்லை. மாறாக, ‘பத்சேபாள்’ என்னும் பெண்பெயரின் பிற்பகுதி எபிரேயத்தில் ‘பெயெர்செபா’வின் பிற்பகுதியோடு ஒத்த எழுத்துகளைக் கொண்டது. தமிழ் வடிவங்களை மட்டும் கொண்டு விவிலியப் பெயர்களை ஒப்பிடுவோர் உறவற்றவற்றை இணைக்கவும் உறவுடையவற்றைப் பிரிக்கவும் நேரும் என்பதை இது காட்டுகிறது.

தொல்லியல் சான்று

இன்றைய பெயெர்செபா நகருக்குக் கிழக்கேயுள்ள தொல்மேட்டில் யோகனான் அகரோனி தலைமையில் 1969இல் அகழாய்வு தொடங்கியது. அங்கு நகரவாயிலை ஒட்டி ஏறத்தாழ 69 மீட்டர் ஆழமுள்ள கிணறு வெளிப்பட்டது. அத்தொல்மேடு 2005இல் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது. இக்கிணறு அப்பகுதியில் நீர் பெறுவதன் அருமையை உணர்த்துகிறது. ஆயின் ஆதியாகமம் கூறும் கிணறு இதுவே என நிறுவுவதற்கு அது சான்றாகாது.

முடிவுரை

சொல்லமைப்பு ‘ஏழின் கிணறு’ என்பதற்கும், ஆதியாகமம் வெளிப்படையாகத் தரும் காரணம் ‘ஆணையின் கிணறு’ என்பதற்கும் சார்பாக நிற்கின்றன. ஊரின் பெயர் முன்னரே வழங்க, அதன் ஒலியையொட்டி விளக்கங்கள் பின்னர் அமைந்திருத்தல் கூடும். பெயரின் மொழியியல் தோற்றம் வேறு, அப்பெயருக்கு மரபு தரும் காரணம் வேறு எனப் பிரித்தறிவது ஊர்ப்பெயராய்வின் அடிப்படை நெறியாகும். தமிழ் விவிலியப் பதிப்புகள் இத்தகைய இடங்களில் எபிரேயப் பொருளை அடிக்குறிப்பாகத் தருவது, ஒலிபெயர்ப்பில் மறைந்த தொடர்பைப் படிப்போர்க்கு மீட்டுத்தரும்.